வாடையிலும் குளிர் இல்லை, கனடாவிலும் பனி இல்லை: எல் நினோவா, உலகம் சூடாவதா?

வெல்லாவெளி வயல்காரன்
2024 பெப்ரவரி 4

எனக்கு ஒரு சந்தேகம். விளங்கியவர்கள் யாராவது நேரமெடுத்துச் சொன்னால் பெரிய உதவி.

மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் வயல். நவகிரிக் குளத்துத் தண்ணீர். அப்பா இருந்த காலத்திலிருந்தே மார்கழி, தை இரண்டு மாதமும் யானைக்காவலுக்கு வாடியில் (காவல் குடிசையில்) படுக்கிறவன் நான். விடியற்புறம் மூன்று மணிக்குப் பிறகு வாடைக்காற்று இறங்கும். சாக்கைப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாலும் முதுகு நடுங்கும். பொங்கலுக்கு முந்தின கிழமை வரம்பில் நடந்தால் முழங்கால் வரை பனி நனைக்கும். இந்த வருடம் அப்படி ஓர் இரவுகூட நினைவில் இல்லை. சேட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். மழை வந்தது, வெள்ளமும் வந்தது. குளிர் மட்டும் வரவில்லை.

அதே நேரம் ரொறன்ரோவில் இருக்கிற தங்கச்சி வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறாள். நத்தாருக்குப் பனி இல்லை, முற்றத்தில் புல் தெரிகிறது. "அண்ணன், இங்கேயும் குளிர் செத்துப்போச்சு" என்று எழுதியிருந்தாள்.

போன கிழமை எங்கள் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம் நடந்தது. பேச வந்த ஒருவர், "எல்லாம் பசுபிக் கடல் சூடாகிற எல் நினோ. அடுத்த வருடம் அது போய்விடும், பழையபடி ஆகிவிடும்" என்றார். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "இல்லை, புவி வெப்பமடைகிறது, இனி வாடைக்குளிரே வராது" என்றது. இரண்டு பேரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே முழுதாக ஏறவில்லை.

என் வாடியில் குளிர் இல்லாததும் தங்கச்சி வீட்டில் பனி இல்லாததும் ஒரே காரணத்தாலா? எல் நினோ போனால் குளிர் திரும்புமா? சும்மா அறிவதற்காகக் கேட்கவில்லை. இந்த முறை கதிர் நன்றாகத் தள்ளியும் சப்பி (மணி நிரம்பாத நெல்) கூட. அடுத்த மாரி வெள்ளாமைக்கு எந்த நெல்லை, எந்தக் கிழமை விதைப்பது என்று யோசிக்க முதல் இது எனக்குத் தெளிய வேண்டும்.


மண்டூராள், ஒட்டாவா
2024 பெப்ரவரி 5

அண்ணன், நான் மண்டூர். குருமண்வெளித் துறையில் பாதை என்ற மிதவைப் படகேறிப் பள்ளிக்கூடம் போனவள். ஒட்டாவாவுக்கு வந்து பத்தொன்பது வருடம்.

இங்கே நகரத்துக்கு நடுவால் ரீடோ கால்வாய் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்குச் சறுக்குப் பாதையாகத் திறப்பார்கள். 1970 முதல் 2022 வரை ஒவ்வொரு வருடமும் திறந்திருக்கிறார்கள். ஆட்கள் இறங்க வேண்டுமென்றால் நல்ல பனிக்கட்டி கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர் தடிப்புக்கு வேண்டும். 2023 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது கட்டவே இல்லை. ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. என் மகன் புதுச் சறுக்குச் சப்பாத்தைப் பெட்டியோடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெள்ளியும் "இன்றைக்குத் திறந்தாச்சா அம்மா" என்று கேட்பான். இந்த வருடம் தை (ஜனவரி) 21 இல் திறந்தார்கள், நாலைந்து நாளில் திரும்ப மூடிவிட்டார்கள்.

என் குழப்பத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வருடம் எல் நினோ, சரி. ஆனால் கால்வாய் திறக்காமலே விட்ட போன வருடம் லா நினா என்று சொன்னார்களே? அதுதானே குளிரான பக்கம்? அப்படியென்றால் அந்த வருடம் ஏன் உறையவில்லை?


ஒஸ்லோவிலிருந்து
2024 பெப்ரவரி 5

இங்கே கதை மாறி. தை முதல் கிழமையில் சுவீடனின் வடக்கே மறை (மைனஸ்) 43.6 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. 25 வருடத்தில் தை மாதத்தில் அவ்வளவு குளிர் அங்கே பதிவாகவில்லை. நோர்வேயிலும் கார் இயக்க முடியாமல் வேலைக்குப் பிந்திப் போனோம். உலகம் முழுக்கக் குளிர் செத்துவிட்டது என்று எழுத முதல் இதையும் கணக்கில் எடுங்கள்.


கல்லாற்று ஆசிரியர்
2024 பெப்ரவரி 6

தம்பி, நல்ல கேள்வி. நான் 31 வருடம் புவியியல் படிப்பித்தவன். பெரிய கல்லாற்றில் வீடு, முன்னால் கடல், பின்னால் வாவி. விறாந்தையில், நாளின் ஆகக் கூடிய, ஆகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும் ஓர் உயர்வு இழிவு வெப்பமானி தொங்குகிறது. பழைய கொப்பிகளைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. 2005 இற்குப் பிறகு எழுதியவை இருக்கின்றன. இந்தத் தையில் அது ஓர் இரவும் 23 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. உங்கள் வாடி கடலை விட்டு உள்ளே இருக்கிறது, என் வீட்டை விட அங்கே குளிர வேண்டும். அங்கேயும் குளிரவில்லை என்றால் நீங்கள் உணர்ந்தது உண்மைதான்.

ஒரே காரணமா என்று கேட்டீர்கள். பாதி ஒன்று, பாதி வேறு. கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

பசுபிக் சமுத்திரத்தில் வழமையாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அது சூடான மேல் தண்ணீரைத் தள்ளித் தள்ளி இந்தோனேசியப் பக்கம் குவித்து வைக்கும். சில வருடங்களில் அந்தக் காற்று தளரும். குவிந்த சூட்டுத் தண்ணீர் திரும்பப் பெரு நாட்டுக் கரைப்பக்கம் பரவும். நத்தார் காலத்தில் அந்தச் சூடு வருவதைக் கண்ட பெரு மீனவர்கள்தான் குழந்தை இயேசுவை நினைத்து அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறை வரும். காற்று வழமையை விடப் பலமாக வீசினால் பெருப் பக்கத்துத் தண்ணீர் குளிரும், அது லா நினா.

இதைக் கண்டுபிடித்த கதை எங்களுக்குக் கிட்டியது. கில்பர்ட் வோக்கர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1904 இல் இந்தியாவின் வானிலை அவதான நிலையங்களுக்குப் பொறுப்பாக வந்தார். 1877, 1899 பஞ்சங்களுக்குப் பிறகு, பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல வழி உண்டா என்று தேடுவதுதான் அவருக்கு வேலை. உலகம் முழுவதிலும் இருந்து காற்றமுக்கக் கணக்குகளை எடுத்து அடுக்கிப் பார்த்தார். பசுபிக்கில் ஒரு பக்கம் அமுக்கம் கூடினால் மறுபக்கம் குறைகிறது, ஊஞ்சல் மாதிரி. அதைத் தென் அலைவு என்றார். அதே கணக்கிலிருந்துதான் வட அத்திலாந்திக் அலைவு என்ற இன்னோர் ஊஞ்சலையும் பிரித்தெடுத்தார். எங்கள் மழையைத் தேடிப் போனவருக்கு ஐரோப்பாவின் குளிர்காலமும் அகப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கும்.

ஒஸ்லோத் தம்பி சொன்னதற்கு மறுமொழி அந்த இரண்டாவது ஊஞ்சலில் இருக்கிறது. அந்த ஊஞ்சலோடு சேர்ந்து, வட துருவத்தைச் சுற்றிக் குளிர்காலத்தில் ஒரு பலத்த காற்று வட்டம் ஓடும். வெட்டிய வெள்ளாமையைக் கட்டும் கயிறு மாதிரி நினையுங்கள். கயிறு இறுகியிருந்தால் குளிர் துருவத்துக்குள்ளேயே கிடக்கும், அத்திலாந்திக்கின் இளஞ்சூட்டுக் காற்று ஐரோப்பாவுக்குள் வீசும். 2019–20 குளிர்காலத்தில் அப்படித்தான் இறுகியது. அந்தக் குளிர்காலம் ஐரோப்பாவில் 1981–2010 சராசரியை விட 3.4 பாகை கூடியது, அதுவரை பதிவானவற்றில் ஆகச் சூடானது. அப்போது பெரிய எல் நினோ ஒன்றும் இருக்கவில்லை. கயிறு தளர்ந்தால் குளிர் ஏதோ ஒரு பக்கத்தால் வெளியே சரியும். இந்தத் தையில் சுவீடன் பக்கம் சரிந்தது. கனடாவுக்கு வந்ததோ பசுபிக்கின் காற்று. எல் நினோ வருடங்களில் பசுபிக்கிலிருந்து மேற்குக் காற்று கனடாவுக்குள் நீளமாகப் புகுந்து, வடக்கின் குளிரைக் கீழே இறங்க விடாது. ஆகவே உங்கள் தங்கச்சி வீட்டுக்கு எல் நினோவின் கை எட்டியிருக்கிறது.

இனி உங்கள் வாடி. எங்கள் வாடைக்குளிர் துருவத்திலிருந்து நேரே வருவதில்லை. மாரிகாலத்தில் ஆசியாவின் பெருநிலம் குளிர்ந்து அமுக்கம் கூடும், அங்கிருந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடாவைத் தாண்டி எங்களிடம் வருகிறது. வானம் வெளித்து, காற்று வரண்டிருந்தால் நிலம் இரவில் தன் சூட்டை மேலே விட்டுவிடும். அப்போதுதான் நீங்கள் சொல்கிற பனி விழும். முகில் மூடிய இரவில் சூடு போக வழியில்லை, போர்வை போட்ட மாதிரி. இந்தத் தை எப்படி இருந்தது? மழை, முகில், வெள்ளம். குளிர் இல்லாததற்கு முதல் காரணம் உங்கள் தலைக்கு நேரே மேலே இருந்தது.

அந்த முகிலுக்குப் பின்னால் எல் நினோ ஓரளவு நிற்கிறது. அது வந்த வருடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு மழை கூடும் போக்கு உண்டு. 2023 இல் இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கமும் வழமையை விடச் சூடாகி அதற்குத் துணை நின்றது. பசுபிக் சூடாகி இரண்டு மூன்று மாதம் போனதும் இந்து சமுத்திரம் முழுவதும் மெல்லச் சூடேறும். வாடை அந்தத் தண்ணீரைத் தடவித்தான் எங்களிடம் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கூடிக் குறைகிற விடயம். கூட்டத்தில் பேசியவர் இந்த இடத்தில் நின்றுவிட்டார்.

நவகிரிக் குளத்தை நினையுங்கள். காற்று அடித்தால் அலை எழும், கட்டில் மோதும், திரும்பும். குளத்து மட்டம் ஒரு முழம் உயர்ந்தபின் அதே காற்று அடித்தால் அதே அலை கட்டைத் தாண்டும். அலை பெரிதாகவில்லை, மட்டம் உயர்ந்திருக்கிறது. எல் நினோ, வட அத்திலாந்திக் அலைவு, முகில், காற்று எல்லாம் அலை. மட்டத்தை உயர்த்துவது நாங்கள் எரிக்கிற நிலக்கரியும் எண்ணெயும். தொழிற்சாலைக் காலத்துக்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 ஐத் தொட்டுவிட்டது. 2023 உலகச் சராசரி வெப்பநிலை அந்தக் காலத்தை விட ஏறத்தாழ 1.45 பாகை கூட. பலத்த எல் நினோ ஒன்று உலகச் சராசரியில் ஒரு பாகையின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூட்டும், பிறகு திருப்பி எடுத்துவிடும். மீதி ஒரு பாகைக்கு மேலே இருப்பதை அதன் தலையில் கட்ட முடியாது. எங்கள் கடலும் அப்படித்தான். 1950 இற்குப் பிறகு இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு நூற்றாண்டுக்கு 1.2 பாகை என்ற வேகத்தில் சூடாகி வருகிறது.

மண்டூர்த் தங்கச்சி, உங்கள் கேள்விதான் இந்த உரையாடலிலேயே கூர்மையானது. 2020 முதல் 2023 தொடக்கம் வரை தொடர்ந்து மூன்று குளிர்காலம் லா நினா. அப்படியிருந்தும் மூன்றாவதில் கால்வாய் உறையவில்லை. அந்த வருடம் உங்கள் பக்கத்துக்கு இளஞ்சூட்டுக் காற்று வந்தது தற்செயலாக இருக்கலாம், குளிர்காலம் ஒரே கையால் ஆடுகிற ஆட்டமல்ல. ஆனால் 1970 முதல் எத்தனையோ எல் நினோ வந்து போயிற்று. 1982–83, 1997–98, 2015–16 மூன்றும் மிகப் பலமானவை. அவற்றில் ஒன்றுகூடச் செய்யாததை ஒரு லா நினா வருடம் செய்தது என்றால், மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.


வெல்லாவெளி வயல்காரன்
2024 பெப்ரவரி 6

சேர், குளத்துக் கணக்கு நன்றாக விளங்கியது. மூன்று தரம் வாசித்து, மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனாலும் ஒன்று நெருடுகிறது. இந்த வருடக் குளிர் போனதில் அலை எவ்வளவு, மட்டம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதா? நான் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அலை என்றால் பொறுத்திருப்பேன். மட்டம் என்றால் செய்முறையை மாற்ற வேண்டும். பிறகு அந்தச் சப்பி. அதுவும் சூட்டாலா?


அக்கரைப்பற்று விவசாயி
2024 பெப்ரவரி 7

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும். நான் அக்கரைப்பற்று, கல்லோயாத் தண்ணீரில் பன்னிரண்டு ஏக்கர். சப்பி விடயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

எனக்கும் இந்த முறை சப்பி கூட. ஆனால் கதிர் பால்பிடிக்கிற நேரம் எத்தனை நாள் வெயில் கண்டோம்? முகில் மூடினால் இரவு சூடு மட்டுமா, பகலில் பயிருக்கு வெளிச்சமும் இல்லை. வெளிச்சம் குறைந்தால் மணி நிரம்பாது. அறக்கொட்டிப் பூச்சியும் அந்த ஈரத்தில்தான் பெருகும். என் வட்டையில் இரண்டு இடத்தில் வட்டம் வட்டமாக எரிந்த மாதிரிக் கிடந்தது, அடியில் பார்த்தால் அறக்கொட்டி. மூன்றும் சேர்ந்து வந்த வருடத்தில் ஒன்றை மட்டும் குற்றம் சொன்னால் அடுத்த போகம் மற்ற இரண்டும் வந்து நிற்கும்.

எல் நினோ என்றால் எங்களுக்கு நட்டம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். என் வாழ்க்கையில் நான் கண்ட மோசமான மாரி 2016–17. விதைத்த நெல் முளைத்துக் கருகியது. நாற்பது வருடத்தில் இல்லாத வரட்சி என்றார்கள். சேனநாயக்க சமுத்திரம் என்ற எங்கள் பெரிய குளம் வற்றி, அடியில் மாடு மேய்ந்தது. அது எல் நினோ போய் முடிந்த பிறகு வந்தது. கிழக்கு இந்து சமுத்திரம் சூடாகி மேற்கு குளிர்ந்து, எங்கள் மழையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது என்று பிறகுதான் அறிந்தோம். 2011 தை வெள்ளம் லா நினாவில். ஒரு மாதத்துக்குள் இரண்டு தரம் எங்கள் பக்கம் கடலானது. ஆகவே எல் நினோ போனால் எல்லாம் சரி என்று கூட்டத்தில் சொன்ன சொல்லை நான் ஏற்க மாட்டேன். அது போனால் வேறொன்று வரும்.


கல்லாற்று ஆசிரியர்
2024 பெப்ரவரி 7

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வயலில் நிற்கிறவருக்குத்தான் அந்த நிதானம் வரும்.

இரவுச் சூட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்து வயல்களில் 1979 முதல் 2003 வரை எடுத்த கணக்கை வைத்து 2004 இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் காலத்துக்குள் அங்கே இரவு வெப்பநிலை 1.13 பாகை ஏறியிருந்தது. உலர்பருவ நெல்லில், இரவு ஒரு பாகை கூடினால் விளைச்சல் பத்து வீதம் குறைந்தது. பகலில் வெயிலை வைத்துச் சமைத்த மாப்பொருளை நெல் இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும், கதிருக்குப் போவது குறையும். இது அந்த நாட்டு வயலின் கணக்கு. வெல்லாவெளிக்கும் அதே பத்து வீதம் என்று எடுக்கக்கூடாது. ஆனால் நெல் எங்கேயும் நெல்தான், இரவில் மூச்சு விடாமல் இராது.

இரவு ஏன் இப்படி ஏறுகிறது என்பதும் மட்டத்தின் கதையே. காபனீரொட்சைட்டு வெயிலை உள்ளே விடும், நிலம் வெளியே விடுகிற சூட்டைத்தான் மறிக்கும். அதனால் சூரியன் இல்லாத நேரத்தில் அதன் வேலை நன்றாகத் தெரியும். சுவந்தே அரேனியஸ் என்ற சுவீடன் அறிஞர் 1896 இலேயே, கணினி ஒன்றும் இல்லாமல், கையால் கணக்குப் போட்டு எழுதிவைத்தார்: பகலை விட இரவும், கோடையை விடக் குளிர்காலமும், நடுக்கோட்டுப் பக்கத்தை விடத் துருவமும் கூடச் சூடாகும் என்று. 1979 இற்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியை விடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. தம்பி, நீங்கள் வாடியில் சேட்டைக் கழற்றியதும் மண்டூர்த் தங்கச்சியின் மகன் சப்பாத்தைப் பெட்டியோடு வைத்திருந்ததும் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகிறது. இரண்டும் குளிர வேண்டிய நேரத்தில் குளிராதது.

அலை எவ்வளவு, மட்டம் எவ்வளவு என்றீர்கள். ஒரு வாடிக்கு, ஒரு தை மாதத்துக்கு, அதை நான் பிரித்துச் சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன். ஆனால் சோதிக்க ஒரு வழி உண்டு. எதிர் வருடத்தைப் பாருங்கள். இந்த எல் நினோ மாசி, பங்குனிக்குப் பிறகு தளரும். அடுத்த மாரிக்குப் பசுபிக் குளிர்ந்த பக்கம் சாய்ந்தால், அலை கீழே போகிற வருடம் அது. அப்போதும் உலகம் எவ்வளவு சூடாக நிற்கிறது என்று பாருங்கள். அலை இறங்கியபின் தெரிவதுதான் மட்டம்.

அதுவரைக்கும் ஒரு வெப்பமானி வாங்கித் தொங்கவிடுங்கள். தகரத்துக்குக் கீழே வேண்டாம், தகரம் பொய் சொல்லும். நெருப்புக்குக் கிட்டவும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக, உங்கள் நெஞ்சளவு உயரத்தில். ஒவ்வொரு காலையும் இழிவை எழுதிவிட்டுச் சுட்டியைத் திருப்பி வையுங்கள். முகிலா, வெளித்த வானமா என்பதையும் பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். அந்தச் சொல் இல்லாமல் பாகைக்கணக்குக்குப் பாதிப் பெறுமதிதான்.


வெல்லாவெளி வயல்காரன்
2025 பெப்ரவரி 16

ஒரு வருடம் கழித்து எழுதுகிறேன். மறந்து போகவில்லை, கொப்பி நிரம்பட்டும் என்று இருந்தேன்.

சேர் சொன்ன மாதிரியே வெப்பமானி வாங்கி வாடிக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் கட்டினேன். மார்கழி முதலாம் திகதியிலிருந்து மகள் கொப்பியில் எழுதுகிறாள். நான் வாசித்து போனில் சொல்வேன், அவள் வீட்டில் இருந்து எழுதுவாள்.

இந்த மாரி லேசானதல்ல. கார்த்திகைக் கடைசியில் வந்த புயல் மழையில் இளம்பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. இரண்டு ஏக்கரில் இடைவெளி விழுந்தது. தையிலும் மழை, வெட்டு மெசின் இறங்கப் பிந்தியது. காக்கா சொன்னது சரி, ஒன்று போனால் வேறொன்று வருகிறது.

குளிரைச் சொல்கிறேன். தையில் ஏழு இரவு நல்ல குளிர். அதில் மிகக் குறைந்தது 21 பாகை. ஏழு நாளும் கொப்பியில் "வெளிப்பு" என்று இருக்கிறது. 24 க்குக் கீழே இறங்காத இரவுகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "முகில்" அல்லது "மழை". அதைப் பார்த்தபோது, சேர், எனக்கு அந்தக் கூட்டத்தில் எழும்பின பிள்ளையின் நினைவு வந்தது. இனி வாடைக்குளிரே வராது என்றது பிழை. வந்தது. பனியும் நனைத்தது. ஆனால் சாக்கு தேவைப்படவில்லை. அப்பா காலத்துக் குளிர் எத்தனை பாகை என்று எழுதிவைக்க யாரும் இல்லாமல் போனது எனக்குக் கவலை.

பிறகு எதிர் வருடச் சோதனை. பசுபிக் குளிர்ந்த பக்கம் சாய்ந்து, தையில் லா நினா என்று அறிவித்தார்கள். அப்படியென்றால் உலகம் கொஞ்சமாவது ஆறியிருக்க வேண்டும். 2025 தை, பதிவில் உள்ள தை மாதங்கள் எல்லாவற்றிலும் ஆகச் சூடானது என்று ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் காலநிலை நிலையம் சொல்கிறது. தொழிற்சாலைக் காலத்துக்கு முந்தியதை விட 1.75 பாகை கூட. செய்தியை வாசித்துவிட்டு வாடித் திண்ணையில் கனநேரம் பேசாமல் இருந்தேன். அலை இறங்கியது, மட்டம் இறங்கவில்லை.

தங்கச்சி பக்கம் இந்தக் கிழமை பனி குவிந்து கதவு திறக்க முடியவில்லையாம். போன குளிர்காலம் கனடாவின் பதிவுகளிலேயே ஆகச் சூடானது என்று அங்கே அறிவித்திருந்தார்கள். இந்த வருடம் சவளால் பனி அள்ளுகிறாள்.

நான் செய்த மாற்றம் சின்னது. ஆறு ஏக்கரையும் ஒரே கிழமையில் ஒரே நெல்லாக விதைக்கிற பழக்கத்தை விட்டேன். நாலு ஏக்கரில் பி.ஜி. 94-1, இரண்டு ஏக்கரில் மூன்று மாதத்து நெல், பத்து நாள் பிந்தி. நோக்கம், எல்லாக் கதிரும் ஒரே முகிலுக்குள் பால்பிடிக்கக் கூடாது என்பது. வெள்ளத்தில் இடைவெளி விழுந்தது முந்தி விதைத்ததில்தான், பிந்தினது தப்பியது. இது ஒரு வருடத்துக் கணக்கு என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாரிக்கும் இப்படியே செய்து பார்ப்பேன்.


மண்டூராள், ஒட்டாவா
2025 பெப்ரவரி 16

அண்ணன், கால்வாய் இந்த வருடம் தை 11 இல் திறந்தது, இன்னும் திறந்திருக்கிறது. மகனுக்குப் பழைய சப்பாத்து கால் கொள்ளவில்லை, புதிது வாங்கினோம். அவன் சறுக்குவதைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. கரையில் நின்று நானும் மட்டத்தைத்தான் நினைத்தேன்.


கல்லாற்று ஆசிரியர்
2025 பெப்ரவரி 17

தம்பி, மகளுக்கு என் வாழ்த்து. "வெளிப்பு" என்று எழுதச் சொன்னது யார்? நல்ல சொல். என் கொப்பியில் நான் "தெளிவு" என்று எழுதிவந்தேன், இனி மாற்றிக்கொள்கிறேன்.

ஏழு குளிர் இரவுகளின் திகதிகளை அனுப்புங்கள். என் விறாந்தைக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடலோரத்துக்கும், வாவிக்கு அப்பால் உங்கள் பக்கமான படுவான்கரைக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று இதுவரை எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.


அக்கரைப்பற்று விவசாயி
2025 பெப்ரவரி 17

எனக்கும் அந்த வெப்பமானி ஒன்று வேண்டும் தம்பி. எங்கே வாங்கினது, என்ன விலை? இன்ஷா அல்லாஹ் சித்திரைக்கு முதல் கட்டிவிடுகிறேன். கச்சான் காற்று தொடங்கின பிறகு கோடை வெள்ளாமையில் பகல் எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்க்கலாம்.